46.3 சதவீதம்

ரவி, நாக்ஸ்வில்:
அமெரிக்காவுல அணு ஆயுத ஆலைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2000-ல் வந்த கதையெல்லாம் இங்க தெரிஞ்சதுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓக் ரிட்ஜ்ல யுரேனியம் செறிவூட்டின ஆலையில பைப் ஃபிட்டர். 250 நாள் வேலை, 22 வகைப் புற்றுநோயில ஒண்ணுன்னா கதிர்க் கணக்கே பார்க்காம 1.5 லட்சம் டாலர். இவருக்கு வந்தது புராஸ்டேட். அது பட்டியல்ல இல்லை. அப்போ வாங்கின கதிரைக் கணக்குப் போட்டு, வேலையால வந்திருக்க வாய்ப்பு 50 சதவீதம் தேறணும்.

நான் புள்ளியியல் வாத்தியார்ங்கிறதால கடிதத்தோட வந்தார். 46.3. அந்த எண் மேல நகத்தை அழுத்தி வச்சுக்கிட்டே கேட்டார்: "மீதி எங்கேயிருந்து வந்ததாம்?" நான் எழுந்து காபி போடப் போயிட்டேன். போன மாசம் இறந்துட்டார். பதில் சொல்லாம எழுந்து போனது இன்னும் உறுத்துது.

மீனா:
சார், அந்த 46 சராசரி மதிப்பீடு இல்லை. கணக்குல இருக்கிற நிச்சயமின்மைக்காக 99 சதவீத மேல் எல்லையை, அதாவது வரக்கூடிய மதிப்புகள்ல கிட்டத்தட்ட உச்சத்தை எடுக்கிறாங்க. ஏற்கெனவே தொழிலாளி பக்கம் சாய்ஞ்ச கணக்கு. அதை அநியாயம்னு சொல்லிட முடியாது.

ரவி:
அநியாயம்னு நான் எழுதலையே மேடம்.

செல்வம், ஆல்புகர்க்கி:
மீனா, கதிரை அளக்கிற பேட்ஜே குடுக்காத வருஷங்களுக்கு எதை வச்சு மேல் எல்லை? அனுமானம்தானே!

கேலப் பக்கம் ஒரு நவஹோ பழங்குடிப் பாட்டியைப் பார்த்தேன். புருஷனோட யுரேனியச் சுரங்கச் சட்டையை வருஷக்கணக்கா கையால துவைச்சவங்க. 1990-ல வந்த கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்துல சுரங்கத்துல இறங்கினவருக்கு இழப்பீடு உண்டு, துவைச்சவங்களுக்குன்னு ஒரு வரிகூட இல்லை.

ரவி, கேஸ் முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. பெரியவருக்கு வேற புற்று தனியா வந்திருந்தா, தோல்ல சின்னதா வெட்டி எடுத்ததா இருந்தாலும், ரெண்டையும் சேர்த்து மறுபடி கணக்குப் போடுவாங்க. 46 அப்போ 50-ஐத் தாண்டலாம். மனைவி இருந்தா அவங்களே கேட்கலாம், பணமும் அவங்களுக்குத்தான். பயாப்சி அறிக்கையைக் கையில வாங்காம மனு போடாதீங்க. ஆலையில கரைப்பான், கல்நார் புழங்கியிருந்தா அதே 2000 சட்டத்துல நச்சுப் பொருள் பாதிப்புக்குன்னு 'ஈ' பிரிவு தனி, அதையும் கேளுங்க. மூச்சுக் கோளாறு இருந்ததா? பழைய சம்பளச் சீட்டு ஒண்ணையும் தூக்கிப் போட விடாதீங்க.

ரவி:
இடது காதுமடல்ல ஒரு துண்டு வெட்டின தழும்பு இருந்தது. எதனாலன்னு ஒருநாளும் கேட்டதில்லை. அவர் மனைவி இப்போ தோட்டத்துலதான் இருக்காங்க. போய்க் கேட்கிறேன்.