நேஷனல்ஸ் ரேஸ்: அடுத்த சீசனுக்கு இப்போதே என்ன செய்ய வேண்டும்? (அவசரம்)

ஓசூர்_ஸ்விஃப்ட் (புதியவர்)
வணக்கம். அடுத்த வருடம் நேஷனல்ஸில் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். கார் இருக்கிறது, ஹெல்மெட் வாங்கிவிட்டேன். காருக்குள் கேஜ் (பாதுகாப்புக் குழாய்க் கூண்டு) போட நல்ல ஆள் யாராவது தெரியுமா? வேறு என்னென்ன வாங்க வேண்டும்? பெயர் எப்போது கொடுக்க வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் ஒருவருக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

மூன்றாம்_கியர்
எந்த நேஷனல்ஸ் நண்பரே? சர்க்யூட்டா, ராலியா, ஆட்டோகிராஸா, நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸா? எல்லாவற்றுக்கும் தனித்தனி சாம்பியன்ஷிப் இருக்கிறது. என்ன கார், எந்த வருடத்து மாடல், பெட்ரோலா டீசலா? இதற்கு முன் எதிலாவது ஓட்டியிருக்கிறீர்களா? அட்வான்ஸ் எதற்கு?

டாட்_ஃபோர்
எந்தக் காராக இருந்தாலும் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் குடித்துவிட்டால் 140தான். டிராக்கில் நாலு சுற்று போவதற்குள் பெடல் தரையைத் தொடும். எனக்குத் தொட்டது. டாட் 4 ஊற்றி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி பிளீட் செய்துவிட்டு அப்புறம் கேஜைப் பற்றி யோசியுங்கள்.

கார்ட்_குமரேசன்
கார்ட்டிங்கில், அந்தச் சின்னத் திறந்த வண்டியில், ஆரம்பியுங்கள். ஒரு வருடம் கார்ட் ஓட்டினால் காரில் மூன்று வருடம் கற்பது கைக்கு வந்துவிடும். வேறு எதைச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சோழவரம்_சீனியர் (மூத்த உறுப்பினர்)
வருடத்துக்கு ஆறு முறை இதே கேள்வி. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் தம்பி, அழகுக்கு இல்லை. "கார் இருக்கிறது" என்று தொடங்கி இங்கே வந்தவர்களில் எத்தனை பேர் கிரிட்டில், அதாவது ரேஸ் தொடங்கும் வரிசையில், நின்றார்கள் என்று என் ஒரு கை விரல்களை வைத்தே சொல்லிவிடலாம். நாங்கள் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே பார்த்துக் கற்றோம். இப்போது அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் கேள்வியே வருகிறது.

ஓசூர்_ஸ்விஃப்ட்
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். சர்க்யூட்தான், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக். கார் 2013 ஸ்விஃப்ட் டீசல். வயது 31. ரேஸ் ஓட்டியதில்லை, ஆனால் ஹைவேயில் நன்றாக ஓட்டுவேன். அட்வான்ஸ் கேஜுக்கு. தினமும் ஆபீஸுக்கு இதே காரில்தான் போகிறேன். அதனால் பின்சீட்டில் ஆள் உட்காரும் மாதிரி கேஜ் கேட்டிருக்கிறேன்.

மூன்றாம்_கியர்
அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

ஒன்று, கேஜ் போட்ட காரைத் தெருவில் ஓட்டக் கூடாது. ஆர்.சி.யில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும். சட்டத்தை விடுங்கள். டிராக்கில் ஹெல்மெட்டும் ஆறு பாயிண்ட் பெல்ட்டும் போட்டு இறுக்கி உட்காருவதால் கேஜ் உங்களைக் காப்பாற்றுகிறது. ஆபீஸ் போகும்போது வெறும் தலை. பின்னால் ஒருவன் இடித்தால் உங்கள் தலைக்குப் பக்கத்தில் இருப்பது இரும்புக் குழாய். பின்சீட்டில் உட்காருபவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

இரண்டு, உங்கள் காருக்கு எந்த கிளாஸ், அதாவது எந்தப் போட்டிப் பிரிவு? கிளாஸ் தெரியாமல் கேஜ் போடுவது, பெண் பார்க்காமல் மண்டபம் பிடிக்கிற கதை. போன சீசனின் டெக்னிக்கல் ரெகுலேஷனை எடுத்துப் படியுங்கள். எந்த வண்டி, எத்தனை சிசி, குழாயின் தடிமன் என்ன, எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது எல்லாம் அதில் இருக்கும். புதிதாக வருபவர் சொந்தமாகக் கார் கட்டுவதே தேவையில்லை. ஒரு டீமிடம் சீட்டை வாடகைக்கு எடுங்கள். கார், மெக்கானிக், டயர் அவர்கள் பொறுப்பு. நீங்கள் ஹெல்மெட்டோடு போனால் போதும்.

அப்புறம், ஹெல்மெட் என்று சொன்னீர்களே, எந்த ஹெல்மெட்?

பவானி_பிரேக்கர்
டீசலில் ரேஸே கிடையாதே. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

போலோ_பிரியன்
கிடையாது என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஃபோக்ஸ்வேகனின் போலோ கப் ரேஸ் 2010-ல் இங்கே தொடங்கியதே 1.6 டீசலில்தான். பெட்ரோலுக்கு மாறியது அதற்கப்புறம். 2006-ல் லெமான்ஸ் 24 மணி நேர ரேஸையே ஆடி டீசலில் ஜெயித்தது. ஆனால் இவருடைய ஸ்விஃப்ட்டுக்கு இப்போது இடம் கிடைக்காது என்பதுதான் என் கருத்தும்.

ஓசூர்_ஸ்விஃப்ட்
ஹெல்மெட் நல்ல கம்பெனிதான். ஐஎஸ்ஐ, ஸ்னெல் இரண்டு தர முத்திரையும் உண்டு. விலையும் அதிகம்.

மூன்றாம்_கியர்
ஸ்னெல்லில் எம்மா, எஸ்ஏவா? ஹெல்மெட்டைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் துணியை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள், ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ரேஸுக்கு முன் நடக்கும் ஸ்க்ரூட்டினி பரிசோதனையில் இருப்பவரும் அப்படித்தான் விரலை விட்டுப் பிரித்துப் பார்ப்பார். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அவர் கண்டுகொள்வதே இல்லை. எம் என்றால் பைக்குக்கு. எஸ்ஏ என்றால் காருக்கு. காருக்கானதில் உள்துணி தீப்பிடிக்காத ரகம், கேஜ் குழாயில் தலை மோதுவதற்கென்று தனிச் சோதனையும் உண்டு. கழுத்தைக் காக்கிற ஹான்ஸ் மாட்டுகிற ஆணிக்கும் அதில் இடம் இருக்கும்.

ஓசூர்_ஸ்விஃப்ட்
எம்2020 என்று இருக்கிறது.

சோழவரம்_சீனியர்
நான் ஒன்றும் சொல்லவில்லை.

காரி_ரசிகன்
தம்பி, மனம் தளராதீர்கள், பைக் வாங்கினால் அந்த ஹெல்மெட் உதவும். இருங்காட்டுக்கோட்டைக்கு முன் எங்கள் கோவைக்கு வாருங்கள். செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், ஒரே நாளில் நிறைய சுற்று ஓட்டலாம். ஸ்விஃப்ட் இன்ஜின் வைத்த ஃபார்முலா 4 வண்டிகள் அங்கேதான் வளர்ந்தன. உங்கள் ஸ்விஃப்ட் ஆசையும் தீரும்.

சோழவரம்_சீனியர்
காரியை டிராக் என்று சொல்பவர்களோடு நான் பேசுவதில்லை. ஃபார்முலா கார் மூன்றாவது கியரிலேயே சுற்றிவிட்டு வரும். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, அதற்குப் பெயர் டிராக். முதல் வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போகத் தெரிந்தால் வந்து பேசுங்கள்.

காரி_ரசிகன்
அந்த ஸ்பீட்வேக்கு யார் பெயர் வைத்திருக்கிறது தெரியுமா? கரிவரதன். ஃபார்முலா மாருதி என்று ஒரு வண்டியைக் கட்டி, சாதாரண ஆளும் சிங்கிள் சீட்டரில் உட்காரலாம் என்று காட்டியவர். எந்த ஊர்? நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் போனாரே, எந்த ஊர்?

சோழவரம்_சீனியர்
அந்தக் கரிவரதன் ஓட்டியது எங்கே? சோழவரத்தில். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லிருந்து சென்னையில் இருக்கிறது. 2010-ல் ஃபார்முலா ஒன் போன கருண் சந்தோக் எந்த ஊர் என்று நானும் கேட்கலாம்.

பவானி_பிரேக்கர்
கேட்டவர் ஓசூர்க்காரர் அண்ணா. இரண்டு ஊருமே அவருக்குப் பெட்ரோல் செலவுதான்.

கார்ட்_குமரேசன்
கார்ட்டிங் என்று நான் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை.

லலிதா_லேப்டைம்
சண்டை முடிந்தால் கேட்டதற்குப் பதில் சொல்லலாமா? நான் முதல் சீசன் ஓட்டிய வரிசையைச் சொல்கிறேன்.

எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற இந்திய மோட்டார் விளையாட்டு ஃபெடரேஷன் அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் முதலில் சேருங்கள், அந்தச் சான்றிதழ் இல்லாமல் புதியவருக்கு லைசென்ஸ் நகராது. மெடிக்கல் சர்டிபிகேட்டும் ரத்த வகையும் கேட்பார்கள். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸ் அந்தந்த வருடத்துக்குத்தான். அவசரப்பட்டு டிசம்பரில் எடுத்தால் ஜனவரியில் மறுபடி பணம் கட்ட வேண்டும். பள்ளியில் கொடிகளை நன்றாகப் படியுங்கள். மஞ்சள் கொடியில் முந்தினால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பயன் இல்லை.

பொருட்களில் உடல் முழுக்க மூடும் ஓவரால், தீப்பிடிக்காத உள்ளாடை, தலைக்கு பாலக்லாவா, கையுறை, ஷூ, ஹான்ஸ். ஓவரால் காலரில் தைத்த, உலக அமைப்பான எஃப்ஐஏவின் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பழையது வாங்கும் முன் சீசன் விதியில் எந்தத் தரம் வரை ஏற்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் ரேஸுக்கு நண்பரின் காரை எடுத்துப் போயிருந்தேன். எல்லாம் சரி. ஸ்க்ரூட்டினியில் பெல்ட்டைத் தூக்கி, தையலுக்குப் பக்கத்தில் இருந்த லேபிளைக் காட்டினார்கள். காலாவதியாகி எட்டு மாதம். பார்க்காதது என் தப்புதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரெல்லாம் பெல்ட் தேடினேன், கிடைக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இளநீர் குடித்தேன்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: வெயில். மூன்று அடுக்குத் துணிக்குள், ஏசி கழற்றிய காரில், மதியம் இரண்டு மணிக்கு. இப்போதே நடக்க, ஓடத் தொடங்குங்கள். காருக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியைப் பயிற்சி நாட்களுக்கு ஒதுக்குங்கள்.

டாட்_ஃபோர்
நல்ல பதில். பிரேக் ஆயில் மட்டும் விட்டுப்போய்விட்டது.

மூன்றாம்_கியர்
@ஓசூர்_ஸ்விஃப்ட், வெள்ளிக்கிழமை போய்விட்டதே. அட்வான்ஸ் கொடுத்தீர்களா?

போலோ_பிரியன்
ஆளையே காணோம். கேஜ் போட்டுவிட்டார் போல.

*ஐந்து மாதங்களுக்குப் பிறகு*

ஓசூர்_ஸ்விஃப்ட்
எல்லோருக்கும் நன்றி, வேலை அதிகம், வர முடியவில்லை. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பயிற்சிப் பள்ளி முடித்துவிட்டேன். முதல் நாள் இரண்டு முறை சுழன்றேன், ஹைவேயில் நன்றாக ஓட்டுவேன் என்று எழுதியதை நினைத்துச் சிரிப்பு வந்தது. லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. ஒரு டீமோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஸ்விஃப்ட்டில் ஆபீஸ் போகிறேன். பழைய ஹெல்மெட் அலமாரியில் இருக்கிறது. விவரமாக அப்புறம் எழுதுகிறேன்.

லலிதா_லேப்டைம்
வாழ்த்துகள்! எந்த கிளாஸ்? பள்ளி எத்தனை நாள்? இப்போது என்ன செலவாகிறது என்று எழுதினால் அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

மூன்றாம்_கியர்
ஆமாம், அதை மட்டுமாவது எழுதுங்கள்.

கிருஷ்ணகிரி_07 (புதியவர்)
அண்ணா, அந்த ஹெல்மெட் என்ன சைஸ்? கொடுப்பீர்களா? என்னிடம் இருப்பது பைக்தான்.