கோன் ஃபில்டர், ரீமேப் போட்ட பிஎஸ் 6 பிக்கப்: டர்போவுக்கு வாரண்டி இல்லை என்கிறார்கள், என்ன செய்யலாம்?

பண்ருட்டி லோடு:
எல்லாருக்கும் வணக்கம். 2023 மாடல் டீசல் பிக்கப், சொந்த வண்டி, நானே ஓட்டுகிறேன். வாரண்டி இன்னும் முடியவில்லை. பலா சீசனில் கோயம்பேடு, மற்ற நாளில் கடலூர் முதுநகர் மீன் லோடு புதுச்சேரிக்கு. லோடு ஏற்றினால் இழுவை போதவில்லை என்று வெளிக்கடையில் எண்ணெய் தடவிய காட்டன் கோன் ஏர் ஃபில்டர் மாட்டி, கூடவே இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூவின் சாஃப்ட்வேரை (மேப்) மாற்றும் ரீமேப்பும் போட்டேன். முதலில் நன்றாக இழுத்தது. இப்போது இன்ஜின் லைட் எரிகிறது, 60-ஐத் தாண்ட மறுக்கிறது, மிதித்தால் ‘புஸ்’ என்று காற்றுச் சத்தம். ஸ்கேனரில் பி0101, பி0299 என்ற பழுதுக் குறியீடுகள் வருகின்றன.

சர்வீஸ் சென்டரில் பானட்டைத் தூக்கியதும் ஃபில்டரைப் பார்த்தார்கள். "டர்போ போச்சு, வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஹோஸைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. ஃபில்டருக்காக மொத்த வாரண்டியும் போய்விடுமா? பழைய ஏர் பாக்ஸையும் பழைய மேப்பையும் திரும்பப் போட்டுவிட்டு வேறு சென்டருக்குப் போனால் கண்டுபிடிப்பார்களா? வெளிப் பார்ட்தான் காரணம் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க டிரக் வீடியோவில் சொல்கிறார்களே, அது இங்கே செல்லுமா?

ஈசிஆர் ரைடர்:
பழைய மேப்பை ஏற்றிவிட்டுப் போங்க தல, யாருக்கும் தெரியாது. என் கூட்டாளி அப்படித்தான் செய்தான்.

மரப்பாலம் டீசல்:
மேலே சொன்னதைக் கேட்காதீங்க தம்பி. பல இசியூக்களில் எத்தனை முறை ஃப்ளாஷ் ஆனது என்ற கணக்கு உள்ளேயே இருக்கும். பழைய ஃபைலை ஏற்றினால் அந்த எண்ணிக்கை இன்னும் ஒன்று கூடுமே தவிர குறையாது. மறைத்தது தெரிந்தால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் கிடைக்காது. ஸ்கேனரில் வந்த குறியீடுகளை அழிக்கவும் வேண்டாம். ஃப்ரீஸ் ஃப்ரேமோடு (பழுது பதிவான நேரத்து இன்ஜின் அளவுகள்) போட்டோ எடுத்து வையுங்க.

இனி வண்டிக்கு வருவோம். பி0101 என்றால், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் காட்டும் அளவு, இன்ஜின் எதிர்பார்க்கும் அளவோடு ஒத்துப்போகவில்லை. சென்சாரின் சூட்டுக் கம்பியில் ஃபில்டர் எண்ணெய் படிந்தால் இப்படி வரும். பைப் விட்டம் மாறினாலும் வரும். கம்பெனி பைப்பின் அளவை வைத்துத்தான் இசியூ காற்றைக் கணக்கிடுகிறது. அகலமான பைப்பில் காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகக் காட்டும், அதை நம்பி இசியூ டீசலைக் குறைக்கும். இழுவைக்காகப் போட்டதே இழுவையைக் குறைக்கிற கதை இது.

பி0299 என்றால் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், குறைவு. அதற்கு டர்போ போய்விட்டது என்றுதான் அர்த்தம் என்று இல்லை. ‘புஸ்’ சத்தம் வருகிறது என்கிறீர்கள், அதனால் எனக்கு முதல் சந்தேகம் டர்போவுக்கும், அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே உள்ள ஹோஸ், கிளாம்ப் மேல்தான். டார்ச் அடித்துப் பாருங்க. காற்று கசியும் இடத்தில் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஈரம் படிந்திருக்கும். அப்புறம் ஃபில்டருக்கு அடுத்த பைப்பைக் கழற்றி உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்க. எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் சென்சார் கதை உறுதி. நரநரவென்று மண் வந்தால் ஃபில்டர் தூசியை விடுகிறது, அப்போது டர்போ பிளேடின் முனையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சென்சாருக்கு அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே மட்டும் அடியுங்க. கார்ப் கிளீனர் வேண்டாம், கம்பியில் விரல் படக்கூடாது.

இன்னொன்று. பானட்டுக்குள் திறந்து கிடக்கும் கோன் ஃபில்டர் இன்ஜின் சூட்டைத்தான் இழுக்கும். மழையில் இன்னும் மோசம். 2024 பெஞ்சல் புயலில் புதுச்சேரித் தெருக்களில் நின்ற தண்ணீரை நினைத்துப் பாருங்க. கம்பெனி ஏர் பாக்ஸின் வாயை உயரத்தில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மஞ்சக்குப்பம் வக்கீல்:
அமெரிக்க வீடியோக்காரர் சொல்வது 1975-இல் அங்கே வந்த மேக்னசன்-மாஸ் சட்டம். அது அந்த நாட்டோடு சரி. இங்கே வாரண்டி என்பது ஒப்பந்தம், கையேட்டில் உள்ள வாசகம்தான் முக்கியம். அதற்காக "வெளி ஃபில்டர், எல்லாம் போச்சு" என்று வாயால் சொன்னதை ஏற்கத் தேவையில்லை. எந்தப் பாகம், என்ன பழுது, எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எழுதித் தர மறுத்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதியுங்கள். கடைசி வழி நுகர்வோர் ஆணையம். டீலர் புதுச்சேரியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மஞ்சள் போர்டு என்பதால் ‘வணிகப் பயன்பாடு’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டும் வண்டி என்று காட்ட முடிந்தால் அதற்குப் பதில் உண்டு. ஃபில்டரை விட ரீமேப்தான் உங்கள் பலவீனம், அதை மறந்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4)-இன்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் போடலாம். மாசுச் சான்றிலும் எஃப்சியிலும் (தகுதிச் சான்று) சிக்கல் வந்தால் வாரண்டி சண்டை சின்னதாகிவிடும்.

பண்ருட்டி லோடு:
அண்ணே, பைப்பில் மண் இல்லை, நிறைய எண்ணெய்ப் பிசுக்கு. இன்டர்கூலர் ஹோஸின் கீழ்ப்பக்கம் நீங்கள் சொன்ன அதே கறுப்பு ஈரம். பழைய ஏர் பாக்ஸை மாட்டி, சென்சாரை சுத்தம் செய்து, ரீமேப் போட்டதை மறைக்காமல் சொல்லி, காரணத்தை எழுத்தில் கேட்டேன். அதன் பிறகுதான் கழற்றினார்கள். டர்போ ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது. ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. ‘அதிக பூஸ்ட், வாரண்டி கிடையாது’ என்று ஜாப் கார்டில் எழுதினார்கள். சரி என்று ஹோஸுக்கு நானே காசு கொடுத்தேன். முழு டர்போவுக்கு எஸ்டிமேட் போட்டவர்கள்தானே! இசியூவில் கம்பெனி சாஃப்ட்வேர் ஏற்றிவிட்டார்கள். லைட் அணைந்துவிட்டது.

ஈசிஆர் ரைடர்:
ஹோஸ் ஒன்றுக்கு டர்போ விலையா, நல்லா இருக்கே.

மரப்பாலம் டீசல்:
நல்லது தம்பி. புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃபை மட்டும் விட்டுவிடாதீங்க. ரீமேப்பில் டீசல் அதிகம் போயிருந்தால் கரி சேர்ந்திருக்கும். முதுநகர், அரியாங்குப்பம் என்று நின்று நின்று ஓட்டினால் அந்தக் கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் பாதியில் நின்றுவிடும், அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு முன்பைவிட ஏறியிருக்கிறதா என்று பாருங்க. ஏறியிருந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்க, பில்லையும் பத்திரமாக வையுங்க.