எட்டுக் குரலில் ஒரு ஓபரா

பெரியப்பா பையன் எனக்கு மூன்று வயது மூத்தவன். பரீட்சை லீவில் அவன் வீட்டில்தான் 'ஃபைனல் ஃபேண்டஸி 6' என்ற வீடியோ கேம் ஆடினேன். அதில் ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய நாடகம், அரங்கேறும் கட்டம் வந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டினான். "டேய், இந்த இடத்துல எதுவும் பேசாத."

திரையில் செலஸ் என்ற வீராங்கனை, மரியா என்ற பாடகி வேடத்தில் கோட்டை மாடத்தில் நிற்கிறாள். பாட்டின் வரிகள் எழுத்தாக வருகின்றன. குரலில் சொல்லே இல்லை, 'ஆ... ஓ...' என்று இழுக்கும் மின்னணு ஒலி மட்டும். அப்போது நான் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் அகார சாதகம், அதாவது சொல் இல்லாமல் 'ஆ' என்று மட்டும் பாடிப் பழகுவது. வெறும் அகாரத்தில் இத்தனை ஏக்கம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. பூங்கொத்தோடு அவள் படியேறும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1994இல் வந்த விளையாட்டு அது. அது ஓடிய சூப்பர் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவியில் ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள்தான் கேட்கும். வாள் வீச்சுச் சத்தத்துக்கும் அதிலிருந்துதான் இடம் கொடுக்க வேண்டும். வாத்தியங்களின் ஒலித்துணுக்குகள் எல்லாம் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கியாக வேண்டும். அவ்வளவு நெருக்கடியில் அலங்காரத்துக்கு ஏது இடம்? மெட்டுதான் முழுப் பாரத்தையும் சுமந்தது. இசையமைத்த நோபுவோ உவெமாட்சு யாரிடமும் முறையாகப் பயின்றவர் அல்ல, தானாகவே கற்றவர். பிற்பாடு முழு ஆர்க்கெஸ்ட்ராவும் உண்மையான பாடகர்களுமாக இதே ஓபராவைக் கேட்டேன். பிரமாதம்தான். ஆனாலும் என் மனசு அந்த 'ஆ'வைத்தான் தேடியது.

இந்த வரிசையின் 1987ஆம் ஆண்டு முதல் விளையாட்டிலேயே தொடக்க இசை ஒன்று உண்டு. ஒவ்வொரு சுரமாக உதிரும். கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன்: ச ரி க ப, ச ரி க ப என்று ஸ்தாயி ஸ்தாயியாக ஏறி அப்படியே இறங்குகிறது. 'அட, மோகன ராகமா!' என்று நிமிர்ந்தால், அடுத்த சுற்று த நி ச க. மோகனத்தில் நி கிடையாது; அந்த நிஷாதம் விழுந்ததும் மோகனம் கலைந்து, வேறு ஊர் வாசலில் நிற்கிறோம். எத்தனை முறை வாசித்தாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கிறது.

போன மாதம் அதைப் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பினேன். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். ராத்திரி இரண்டு மணிக்குப் பதில் வந்தது: "நி-ல கொஞ்சம் அவசரப்படுற. இன்னொரு தடவ வாசிச்சு அனுப்பு."