கலைச்சொல் வேண்டும்: 'டாக் விசில்' (அவசரம்)

தேன்மொழி எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இளங்கலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அமெரிக்கக் கட்சிகள் பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். 1960களுக்குப் பிறகு தென் மாநில வெள்ளையர் வாக்குகளைக் குடியரசுக் கட்சி எப்படித் தன் பக்கம் இழுத்தது என்ற பகுதியில் 'டாக் விசில்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கேட்பவர்களில் ஒரு சாராருக்கு மட்டும் உறைக்க வேண்டும், மற்றவர்கள் காதுக்குச் சாதாரணப் பேச்சாகவே தெரிய வேண்டும். அந்த வகைப் பேச்சுக்கு ஒரு சொல் தேவை. எனக்கு முன்னால் இதைத் தொட்டவர் 'நாய் விசில்' என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அக்கா மகளிடம் அந்தப் பத்தியைப் படிக்கக் கொடுத்தேன். "எந்த நாய், சித்தி?" என்றாள்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, 'எக்ஸ்ட்ரீமிசம்'. 'தீவிரவாதம்' என்று போட்டால் நம் பத்திரிகை பழக்கிவிட்ட பொருளில் துப்பாக்கியும் குண்டும்தான் நினைவுக்கு வரும். 1964இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான கோல்ட்வாட்டர் தம் ஏற்புரையில் சொன்ன வாக்கியம் பாடத்தில் இருக்கிறது: சுதந்திரத்தைக் காக்க 'எக்ஸ்ட்ரீமிசம்' கைக்கொள்வது குற்றமில்லை என்று. அங்கே தீவிரவாதம் என்றால் ஆளையே மாற்றிவிடும். இன்னொன்று, முன்பு மறைத்துச் சொன்னதை இப்போது வெளிப்படையாகவே சொல்வது. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

புலவர் மாணிக்கம் எழுதியது:

அம்மையீர், வணக்கம். நன்னூலாரே கொடுத்துவிட்டார். தகுதி வழக்கு மூன்றனுள் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். ஒரு குழுவினர்க்கு மட்டுமே விளங்கும் குறி. வேறென்ன வேண்டும்?

ஊதலை வைத்தே ஆக்குவதானால் 'சீழ்க்கை' வேண்டாம், அது தெருவோரச் சொல். 'வீளை' என்க. இடையன் வீளை சங்கப் பாட்டில் ஒலிக்கிறது. விளித்தல் என்பதன் வேரே வீளைக்கும் வேர் என்பது என் துணிபு. விளி, விளை, வீளை என நீண்டிருக்கும். ஆகவே 'மறைவீளை' அல்லது 'மறைவிளி'.

சுந்தர் (அட்லாண்டா) எழுதியது:

ஐயா, குழூஉக்குறி பொருந்தாது. பொற்கொல்லர் 'பறி' என்றால் வெளியாளுக்குப் பொருளே தெரியாது, ஏதோ மறைக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். இங்கே வெளியாளுக்கும் ஒரு பொருள் கிடைக்கிறது, அதுவும் கண்ணியமான பொருள். அதில்தான் தந்திரம்.

நான் இருப்பது ஜார்ஜியாவில், அதனால் ஒன்றிரண்டு உதாரணம் தருகிறேன். லீ அட்வாட்டர் 1981இல் ரீகனின் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர். 1988இல் புஷ்ஷின் தேர்தல் வேலையை நடத்தியதும் அவர்தான். 1981இல் ஓர் அரசியல் ஆய்வாளரிடம் பேசும்போது ரகசியத்தை அவரே விளக்கினார். கறுப்பரை இழிவு செய்யும் அந்தச் சொல்லை 1954இல் மேடையில் சொல்லலாம். 1968இல் சொன்னால் நமக்கே அடி விழும். ஆகவே 'மாநில உரிமை' என்கிறோம், பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இனம் கலந்த பள்ளிக்கு அனுப்பும் ஆணையை எதிர்க்கிறோம். அப்புறம் அதுவும் அருவமாகி, வரியைக் குறைப்பது என்று பேச ஆரம்பிக்கிறோம். அதில் கறுப்பருக்குத்தான் அதிக அடி. முதலில் பெயர் இல்லாமல் அச்சான பேட்டி இது. ஒலிப்பதிவு 2012இல்தான் வெளியே வந்தது.

ரீகன் 1980 ஆகஸ்டில் மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டக் கண்காட்சியில் 'மாநில உரிமையில் எனக்கு நம்பிக்கை உண்டு' என்றார். 1964இல் குடிமை உரிமைப் போராளிகள் மூவரை வெள்ளை இனவெறிக் கூட்டமான கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் கொன்ற பிலடெல்பியா என்ற சிற்றூர் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பேச்சைக் காகிதத்தில் படித்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் நின்று கேட்டவனுக்கு வேறு பொருள்.

இதற்குத் தமிழில் ஆள் நடமாட்டமுள்ள சொல் இருக்கிறதே: சாடை. 'சாடைப் பேச்சு' என்று போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

மீனாட்சி (திருநெல்வேலி) எழுதியது:

சுந்தர், சாடைக்கு நானும் ஓட்டுப் போடுவேன், ஆனால் ஓர் இடிப்பு இருக்கிறது. மாமியார் சாடை பேசுவது யாருக்காக? மருமகள் காதில் விழவேண்டும் என்றுதான். திட்டு வாங்குகிறவளுக்குப் புரியாவிட்டால் சாடைக்கே பயன் இல்லை. நெஷோபாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. புரிய வேண்டியது தன் ஆட்களுக்கு, அடிபடுகிறவன் புகார் சொன்னால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று கை விரிக்க வழி வேண்டும். ஆள் வேறு, திசையும் வேறு.

வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். மறைவிளி என்றதும் ஒரு பையன் "எட்டாம் வேற்றுமையா மிஸ்?" என்றான். இன்னொருத்தி வேதத்தில் வருவதா என்று கேட்டாள்; மறை என்றால் அவளுக்கு அதுதான்.

புலவர் மாணிக்கம் எழுதியது:

மாணாக்கர்க்கு எட்டாம் வேற்றுமை நினைவிருக்கிறதே, அதுவே மகிழ்ச்சி. 'சாடை' தமிழ் அன்று என்பதைப் பணிவுடன் சொல்கிறேன். தெலுங்கில் 'ஜாட' என்றால் சுவடு, தடம். அங்கிருந்து வந்த சொல்லை வைத்துக் கலைச்சொல் கட்டுவதா?

கதிர் (சிட்னி) எழுதியது:

தெலுங்கு என்ன செவ்வாய்க் கிரகத்திலிருந்தா வந்தது, ஐயா?

அது கிடக்கட்டும். இந்த ஆங்கிலச் சொல் அரசியலில் பரவியதில் எங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் பங்கு உண்டு, 1990களில் இங்கே சர்வசாதாரணமாக அடிபட்டது. ஊதலின் கதை அதைவிடச் சுவை. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் கேட்கும். அந்த எல்லையை அளக்க 1876இல் ஊதல் செய்தவர் பிரான்சிஸ் கால்டன். அதே கால்டன்தான் 1883இல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லையும் ஆக்கினார், நல்ல இனத்தை மட்டும் பெருக்க வேண்டும் என்கிற கொள்கைக்கு. இரண்டும் ஒரே ஆளின் மேசையிலிருந்து புறப்பட்டவை. தேன்மொழி இதை அடிக்குறிப்பாகப் போடலாம்.

தேன்மொழி எழுதியது:

கதிர், அடிக்குறிப்புக்கு இடமில்லை. நாளை புதன்கிழமை.

சுந்தர் எழுதியது:

மீனாட்சி சொன்ன திசை விஷயம் சரிதான். 'உட்சாடை' என்றால்? உள் ஆளுக்கான சாடை. ளகரம் டகரமாவதில் ஐயாவுக்கும் மறுப்பு இருக்காது.

கூடவே ஓர் எச்சரிக்கை. சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு இருக்கக் கூடாது. ரீகன் ஆதரவாளர்கள் அவர் மத்திய அரசின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர், அன்றும் அதைத்தான் சொன்னார் என்பார்கள். 'வஞ்சகப் பேச்சு' மாதிரி ஏதாவது வைத்தால் விவாதம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். இன ஒதுக்கலைக் கட்டிக் காத்ததும் ஒரு காலத்தில் தெற்கின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான். செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அங்கிருந்து 1964இல் குடியரசுக் கட்சிக்கு வந்தவர். ஒரு கட்சிக்கு மட்டும் பொருந்தும் சொல் கலைச்சொல் ஆகாது.

புலவர் மாணிக்கம் எழுதியது:

தர்மண்ட் பெயரை எடுத்தது நல்லதாயிற்று. இன ஒதுக்கலுக்காக 1948இல் தனிக்கட்சியாக அதிபர் தேர்தலில் நின்றவர். தம் வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்ணிடம் அவருக்கு 1925இல் பிறந்த மகள் இருந்தார் என்பது, அவர் நூறு வயதில் இறந்தபின் 2003இல் அம்மகள் வாய்திறந்ததால் உலகுக்குத் தெரிந்தது. மகள் பிறந்தபோது அந்தத் தாய்க்கு வயது பதினாறு. வள்ளுவர் இதற்கென்றே ஓரதிகாரம் வைத்தார். 'வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம்'. ஆகவே அம்மையீர், 'ஹிப்பாக்ரசி' வருமிடத்தில் பாசாங்கு, போலித்தனம் என்று அலையாமல் 'படிறு' என்று இடுக.

மீனாட்சி எழுதியது:

ஐயா, தர்மண்டுக்குப் படிறு கச்சிதம். உச்ச நீதிமன்ற விவகாரத்துக்குப் பொருந்துமா? 2016 மார்ச்சில் ஒபாமா மெரிக் கார்லண்டை நீதிபதியாக முன்மொழிந்தபோது, தேர்தல் ஆண்டு, மக்கள் முடிவு செய்யட்டும் என்று குடியரசுக் கட்சி செனட் விசாரணைக்கே எடுக்கவில்லை. தேர்தலுக்கு எட்டு மாதம் இருந்தது. 2020இல் ஏமி கோனி பாரெட்டை அக்டோபர் 26 அன்று உறுதி செய்தார்கள். தேர்தலுக்கு எட்டே நாள். நாளை நாங்களே மாற்றிச் செய்தால் என் வார்த்தையை எனக்கு எதிராகவே எடுத்துக் காட்டுங்கள் என்று 2016இல் சவால் விட்ட லிண்ட்சி கிரஹாம்தான் அந்த விசாரணைக் குழுவுக்குத் தலைவர். எடுத்துக் காட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை. இதில் மறைந்து செய்தது எது? படிறு என்றால் கள்ளம், ஒளிவு. இது நட்ட நடு வீதியில் நடந்தது. நான் 'இரட்டை நாக்கு' என்பேன்.

தேன்மொழி எழுதியது:

படிறு தனி ஆளின் ஒழுக்கத்துக்கு, இரட்டை நாக்கு கட்சி நிலைப்பாட்டுக்கு. இரண்டையும் எடுத்துக்கொண்டேன். கோல்ட்வாட்டர் வாக்கியத்தில் 'கடுமுனைப்பு' என்று எழுதிவிட்டேன், யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் அப்படியே விடுகிறேன். இப்போது அந்த மூன்றாவது சொல்.

சுந்தர் எழுதியது:

'போட்டு உடைத்தல்'. மனதில் இருந்ததைப் போட்டு உடைத்துவிட்டான் என்போமே.

கதிர் எழுதியது:

அது வாய் தவறி வருவது, சுந்தர். 2002இல் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் டிரெண்ட் லாட்டுக்கு நடந்தது அதுதான். தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழாவில், அவர் 1948இல் ஜெயித்திருந்தால் நாட்டுக்கு இத்தனை தொல்லை வந்திருக்காது என்று சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டும் செனட் தலைமையை விட வேண்டியதாயிற்று. 2019இல் அதே கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவ் கிங், வெள்ளை மேலாதிக்கம் என்ற சொல் எப்போது வசைச்சொல் ஆனது என்று கேட்டபோதும் அவர் கட்சியே குழுப் பதவிகளைப் பறித்தது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் தவறிச் சொல்கிறவர்கள் இல்லை. 2023இல் குடியேறிகள் நாட்டின் ரத்தத்தில் நஞ்சு கலக்கிறார்கள் என்று டிரம்ப் பேசினார். கண்டனம் வந்தது, மறுபடியும் அதையே பேசினார். 2024 செப்டம்பரில் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹெய்ட்டியர்கள் வளர்ப்புப் பிராணிகளைத் தின்கிறார்கள் என்ற கதைக்கு ஆதாரம் எங்கே என்று அவருடைய துணை அதிபர் வேட்பாளர் வேன்ஸிடம் தொலைக்காட்சியில் கேட்டார்கள். ஊடகம் கவனிக்க வேண்டுமென்றால் கதைகளை உருவாக்கத்தான் வேண்டும் என்றால் உருவாக்குவேன் என்று பதில் வந்தது. தொகுதி மக்கள் சொன்னதைத்தான் எடுத்துச் சொன்னேன் என்று அப்புறம் விளக்கம் கொடுத்தார். லாட்டுக்குப் பதவி போனது. இவர்கள் இருவரும் நவம்பரில் ஜெயித்தார்கள். உடைத்தல் என்றால் ஏதோ நட்டம் ஆனது போல இருக்கிறது, இங்கே யாருக்கும் நட்டமில்லையே.

மீனாட்சி எழுதியது:

'பச்சையாகப் பேசுதல்' என்றால் கெட்ட வார்த்தை என்று நினைப்பார்கள். 'வெளிப்படைப் பேச்சு' பாராட்டு மாதிரி ஆகிவிடும். 'கூசாமல் சொல்லுதல்'?

புலவர் மாணிக்கம் எழுதியது:

கூசாப் பேச்சு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஐயமின்றி ஏற்கிறேன். சுருக்கம், தெளிவு, தூய தமிழ்.

சுந்தர் எழுதியது:

ஐயாவும் நானும் ஒரே பக்கம்! ஆனால் கூசாப் பேச்சு வந்தபின் உட்சாடை செத்துவிட்டதாக மாணவர்கள் நினைக்கக் கூடாது, தேன்மொழி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. காவல்துறைக்குத் துணை நிற்போம், சட்டம் ஒழுங்கு என்று பேசிய அதே கட்சியின் அதிபர், 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற நாளிலேயே, நாடாளுமன்றத் தாக்குதல் வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். அந்தத் தாக்குதலில் காயம்பட்ட காவலர்கள் ஏறத்தாழ 140 பேர். 'சட்டம் ஒழுங்கு' என்ற பழைய உட்சாடை யாரை நோக்கியது, யாருக்கு விலக்குத் தந்தது என்பது மன்னிப்பு ஆணையைப் படித்தால் தெரியும். இதற்கு எந்தக் கட்டத்தில் இடம் கொடுப்பீர்கள்? எனக்கும் தெரியவில்லை.

தேன்மொழி எழுதியது:

கட்டம் போட நேரமில்லை, சுந்தர் அண்ணா. உட்சாடைக்கு மூன்று ஆதரவு, மறைவிளிக்கு ஒன்று. உட்சாடை என்று போட்டு, முதல் தடவை மட்டும் 'டாக் விசில் எனப்படும் உட்சாடை' என்று எழுதிவிட்டேன். இரவே அனுப்புகிறேன். எல்லாருக்கும் நன்றி.

புலவர் மாணிக்கம் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சாடை தெலுங்கே. அடுத்த பதிப்பில் 'மறைவீளை' பற்றி மீண்டும் எழுதுவேன்.

தேன்மொழி எழுதியது:

எழுதுங்கள் ஐயா. அடுத்த அத்தியாயம் செனட் நடைமுறை. 1957இல் தர்மண்ட் குடிமை உரிமை மசோதாவைத் தடுக்க 24 மணி 18 நிமிடம் விடாமல் பேசியது வருகிறது. 'ஃபிலிபஸ்டர்' என்பதற்கு என்ன போடலாம்? தனி இழையில் கேட்கிறேன், தயவுசெய்து வேர்ச்சொல் மட்டும் வேண்டாம்.