பழைய பாட்டுப் பெட்டியில் ரொக்பொக்ஸ்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர்களின் அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

சன்டிஸ்க் கிளிப் பிளஸ் வைத்திருப்பவர்கள் எழுவான்கரையில் இன்னும் யாராவது இருந்தால், இது உங்களுக்குத்தான். 2009இல் வந்த எம்பி3 பாட்டுப் பெட்டி, தீப்பெட்டி அளவு. லண்டன் மாமி விடுமுறைக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனது என்னிடம் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, போனின் பற்றரியை அழைப்புகளுக்கென்று ஒதுக்கிவிட்டு வீட்டில் எல்லோரும் இதில்தான் பாட்டுக் கேட்டோம். அப்போதுதான் இதை மேசை இழுப்பறையிலிருந்து வெளியே எடுத்தேன், பிறகு திரும்ப வைக்கவில்லை.

ரொக்பொக்ஸைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனம் போட்டுத் தந்த மென்பொருளின் இடத்தில் நாமே போட்டுக்கொள்ளக்கூடிய இலவச, திறந்த மூல மென்பொருள் அது. 2001இல் சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் ஸ்டென்பெர்க், தன்னிடமிருந்த ஆர்க்கோஸ் பாட்டுப் பெட்டியின் மென்பொருள் பிடிக்காமல் தொடங்கிய வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதைக் கைவிடாமல் தன்னார்வலர்கள் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

கிளிப் பிளஸில் போடுவது கடினமில்லை. சாதனத்தின் அமைப்புகளில் யூஎஸ்பி முறையை எம்எஸ்சி என்று மாற்றுங்கள். எம்டிபியில் விட்டால் நிறுவும் நிரலால் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு ரொக்பொக்ஸ் யூட்டிலிட்டி என்ற நிரலைக் கணினியில் இயக்கினால், நிறுவனத்தின் மென்பொருள் கோப்புக்குள்ளேயே தன் துவக்க நிரலைச் சேர்த்துச் சாதனத்தில் வைத்துவிடும். கேபிளைக் கழற்றியதும் சாதனம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். பழைய மென்பொருளும் உள்ளே இருக்கிறது. இடது பொத்தானை அழுத்தியபடி இயக்கினால் அதுவே வரும். எனவே பயப்பட ஒன்றுமில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம். பாட்டின் பெயரைத் தமிழில் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. தமிழ் எழுத்துகள் உள்ள யூனிகோட் எழுத்துருவைப் போட்டால் எழுத்துகள் வருகின்றன. ஆனால் ஒழுங்காக வருவதில்லை. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரமாகவும் அதற்குப் பின்னால் கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது, காட்டும் மென்பொருளின் பொறுப்பு. நம் போன்கள் அதைச் செய்கின்றன. ரொக்பொக்ஸ் தமிழுக்கு அதைச் செய்வதில்லை. ஒரு பாட்டின் பெயரைப் படிக்கவே ஒரு சரணம் முடிந்துவிடும்.

வழி நம் ஊரிலேயே கிடந்தது. பாமினி எழுத்துரு! கச்சேரி (அரச அலுவலகம்) கடிதம் முதல் கல்யாண அழைப்பிதழ் வரை எல்லாவற்றையும் நாம் அதில்தானே அடித்தோம்? பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் சேமிக்கப்படும் வரிசையும். 'கு', 'மு' போன்றவற்றுக்குத் தனித்தனி விசை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளை வரிசையாகத் தட்டினால் 'தமிழ்' வந்துவிடும். அதாவது கோப்பில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள், வேலையெல்லாம் எழுத்துருவினுடையது. ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வரிசையில் வைக்க மட்டுமே தெரிந்த ரொக்பொக்ஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாமினியை முதலில் பிடிஎஃப் (BDF) என்னும் புள்ளிப்பட வடிவத்துக்கு மாற்றினேன். அதிலிருந்து ரொக்பொக்ஸின் எழுத்துரு வடிவத்துக்கு மாற்ற அவர்களே ஒரு சிறு நிரல் தருகிறார்கள். கிளிப் பிளஸின் திரை 128க்கு 64 புள்ளிகள், மேலே 16 வரிகள் மஞ்சள், மற்றது நீலம். அந்த மஞ்சள் பட்டையில் 16 புள்ளி உயரத்தில் பாட்டின் பெயர் வடிவாக நிற்கிறது. 12க்குக் கீழே போனால் ணகரமும் னகரமும் சுழி ஒட்டி ஒன்றாகிவிடும். ஒரு குறை இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கு நேர் மேலே ஏறாமல் சற்று வலப்பக்கம் தள்ளி விழுகிறது. ஏட்டில் எழுதிய நம் முன்னோர் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள், நாம் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நான் விட்டுவிட்டேன்.

சாய்ந்தமருதிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். காக்கா (அண்ணன்) கட்டாரில் ஒரு நண்பரிடம் வாங்கிக்கொண்டு வந்த ஐபொட் வீடியோ, 30 ஜிபி. அதில் போட முயன்றபோது முதலில் நிறுவும் நிரல் மறுத்துவிட்டது. அந்த நண்பர் மெக் கணினியில் பயன்படுத்தியிருக்கிறார். அப்படிப்பட்ட ஐபொட்டில் கோப்பு முறைமை வேறு, ரொக்பொக்ஸுக்கு ஃபாட்32 வேண்டும். விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் மூலம் ஒருமுறை ரீஸ்டோர் செய்தால் சரியாகிவிடும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். காக்காவிடம் இதைச் சொல்லவே எனக்கு ஒரு கிழமை தைரியம் வரவில்லை. பாட்டுகளை முதலில் கணினிக்கு எடுத்தேன். அங்கேயும் ஒரு கரைச்சல். ஐடியூன்ஸ் பாட்டுகளை மறைவான கோப்புறைகளில் நான்கெழுத்துப் பெயர்களில் போட்டுவைக்கும், எது எது என்று பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கோப்புக்குள் பாட்டின் விவரம் பதிந்திருந்ததால் தப்பினோம்.

வீட்டில் இப்போது அதை அதிகம் எடுப்பவர் உம்மா. கிராஅத் (குர்ஆன் ஓதல்) கேட்கிறார். சூரத்துல் பகரா 286 ஆயத்து, ஒரே கோப்பாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும். நடுவில் யாராவது படலையைத் தட்டினால் நிறுத்திவிட்டுப் போவார். ரொக்பொக்ஸில் புத்தகக்குறி தானாகவே போடும்படி வைத்திருக்கிறேன், வந்து இயக்கினால் விட்ட இடத்திலிருந்தே ஓதுகிறது.

கல்லடித் தம்பி சொன்னதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. என் திரையில் சூராவின் பெயர் அரபியில் வலமிருந்து இடமாக, எழுத்துகள் சேர்ந்து, ஒரு குறையும் இல்லாமல் வருகிறது. அரபிக்கும் ஹீப்ருவுக்கும் யாரோ உட்கார்ந்து அந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். நம்மில் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

தீம் (திரைத் தோற்றம்) பற்றி ஒரு வார்த்தை. திரை அளவு பொருந்தாத தீமைப் போடாதீர்கள். ஐபொட் வீடியோவுக்கு 320க்கு 240. அட்டைப்படம் வரவில்லை என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஜேபெக் படத்தைப் புரோகிரசிவ் முறையில் சேமித்திருந்தார், ரொக்பொக்ஸுக்குச் சாதாரண பேஸ்லைன் முறைதான் தெரியும். மாற்றிச் சேமித்ததும் வந்துவிட்டது. என் கேள்வி ஒன்று: ஆங்கிலம், தமிழ், அரபி மூன்றும் கலந்து கிடக்கும் பெட்டியில் பாமினியை எப்படிப் போடுவது? ஆங்கிலப் பாட்டெல்லாம் தமிழ் எழுத்தில் உளறுமே?

வாழைச்சேனையிலிருந்து:

போனில் எல்லாம் வருகிறது. பற்றரி ஊதிப்போன சாதனத்துக்கு எழுத்துரு மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது, அவ்வளவு நேரம் எங்கே கிடைக்கிறது?

படுவான்கரையிலிருந்து:

வாழைச்சேனைக்காரருக்கு: போனில் எனக்கு வராத ஒன்று இருக்கிறது, சொல்கிறேன். எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து பழகிக்கொண்டிருக்கிறோம். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் பழைய மத்தளப் பதிவுகள் கசெட்டில் இருந்தன. அவற்றை எம்பி3 ஆக்கிக் கிளிப் ஸிப்பில் போட்டிருக்கிறேன். அவர் கை போகும் வேகத்துக்குத் தாளக்கட்டு காதில் நிற்காது. ரொக்பொக்ஸில் டைம்ஸ்ட்ரெச் என்ற அமைப்பை இயக்கி, சாதனத்தை ஒருமுறை அணைத்துப் போட்டால், சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம். நூற்றுக்கு 35 வரை இறங்கும். நான் 60இல் வைத்துக் கேட்கிறேன். அதற்குக் கீழே போனால் மத்தளத்தின் ஒலி இழுபடும், அடி எங்கே விழுகிறது என்பது மங்கிவிடும். கூடவே, ஒரு துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டு அதையே திரும்பத் திரும்ப ஓடவிடும் ஏ-பி முறையும் இருக்கிறது. வயலுக்குப் போகும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால், வரும்போது ஒரு தீர்மானம் (தாளக்கட்டின் முடிப்பு) வாயில் ஏறியிருக்கும். போனிலும் இதற்குச் செயலிகள் உண்டு என்று மருமகன் சொன்னான். கையில் சேறோடு தொடுதிரையைத் தடவிப் பார்த்தவர்களுக்குப் பொத்தானின் அருமை தெரியும்.

தீம் எனக்கு எதுவாக இருந்தாலும் சரி.

திருக்கோவிலிலிருந்து:

மாமாவுக்குப் பார்வை இல்லை. ரொக்பொக்ஸ் மெனுக்களை வாசித்துச் சொல்லும் என்று கேள்விப்பட்டுத்தான் போட்டோம். குரல் கோப்பை நிறுவும் நிரலே இறக்கித் தருகிறது. மெனு ஆங்கிலத்தில் பேசுகிறது, அதை அவர் பழகிக்கொண்டார். கோப்புறைப் பெயர்களை மட்டும் அந்த ஆங்கிலக் குரல் எழுத்தெழுத்தாகச் சொன்னது பொறுக்க முடியாமல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் அதன் பெயரைச் சொல்லும் ஒலித்துண்டு ஒன்றை நாமே வைக்கலாம். தங்கை 'தேவாரம்', 'குளிர்த்திப் பாட்டு', 'பழைய பாட்டு' என்று தன் குரலில் பதிந்து கொடுத்தாள். வேவ் கோப்பை ஸ்பீக்ஸ் வடிவத்துக்கு மாற்றிப் போட்டோம், அதற்கான நிரலும் அவர்களிடமே உண்டு. இப்போது மாமா பொத்தானை நகர்த்த நகர்த்தத் தங்கை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். நேரிலும் இப்படிச் சொன்ன சொல் கேட்டால் நல்லது என்கிறார் மாமா.

கல்லடியிலிருந்து:

சாய்ந்தமருது நானாவின் கேள்விக்கு. தீம் கோப்பு வெறும் எழுத்துக்கோப்புதான், நோட்பேடில் திறக்கலாம். விழுக்காட்டுக் குறியும் அதைத் தொடர்ந்து சில எழுத்துகளும்தான் ஒவ்வொரு கட்டளையும். ஒரே தீமில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்களை ஏற்றலாம், திரையில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் (திரையில் நாம் வகுக்கும் பகுதி) எது என்று சொல்லிவிடலாம். பாட்டின் பெயர் வரும் இடத்தில் ஒரே அளவில் இரண்டு சட்டகம் போடுங்கள், ஒன்று பாமினிக்கு, மற்றது யூனிகோட் எழுத்துருவுக்கு. எதைக் காட்டுவது என்பதை நிபந்தனைக் கட்டளையிடம் விட்டுவிடுங்கள். பாட்டின் வகை என்ற விவரத்தில் தமிழ் என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் பாமினிச் சட்டகம், இல்லாவிட்டால் மற்றது. மெனுக்களுக்குப் பொது எழுத்துருதான், அவை உளறாது. அரபிக்கு மூன்றாவது சட்டகம் வேண்டாம், அரபி எழுத்துள்ள யூனிகோட் எழுத்துருவாக எடுத்தால் ஆங்கிலத்தோடு அதுவும் வந்துவிடும்.

தமிழ்ப் பாட்டுகளுக்கு வகையை நிரப்புவதுதான் பெரிய வேலை. கணினியில் மொத்தமாகத் தெரிவுசெய்து ஒரேயடியாக மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. பெயரைப் பாமினிக்கு மாற்ற, யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றும் பக்கங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். மாற்றுவதற்கு முன் பாட்டுகளின் நகலொன்றை வேறிடத்தில் வையுங்கள். பாமினியில் பெயர் வைத்த பாட்டைப் போனில் போட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். தீம் கோப்பைச் சாதனத்தில் ஏற்றுமுன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க சிமியுலேட்டர் இருக்கிறது, உங்கள் ஐபொட்டின் பெயரில் உள்ளதை எடுங்கள். என் தீம் 128க்கு 64 அளவு, அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. நிபந்தனை வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சட்டக அளவுகளை உங்கள் திரைக்கேற்ப மாற்றினால் போதும்.