சிந்துபூந்துறை வீடு: குடும்பக் குழு

ராஜம் சித்தி, காலை 6:12
(நெல்லையப்பர் கோபுரப் படம்) இனிய காலை வணக்கம்.

ராஜம் சித்தி, 6:14
அக்காவை முதியோர் ஆசிரமத்தில் சேர்த்துவிட்டீர்களாமே? நேற்று மறுவீட்டுச் சொதிப் பந்தியில் வைத்து நாலு பேர் கேட்கிறார்கள். எனக்கு இலையில் கை ஓடவில்லை.

சங்கரி, 6:41
சேர்க்கவில்லை சித்தி. போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். அம்மா இங்கே பெருமாள்புரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறாள்.

கோமதி, 6:43
யார் சொன்னது சித்தி?

ராஜம் சித்தி, 6:44
பேர் வேண்டாம்.

கோமதி, 6:44
அப்போ அம்பாசமுத்திரத்து அத்தைதான்.

ஆறுமுகம், 6:58
எப்போ பார்த்தீர்கள்? என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சங்கரி, 6:59
செவ்வாய்க்கிழமை இதே குழுவில் போட்டேன். நீ கட்டைவிரல் காட்டியிருந்தாய்.

ஆறுமுகம், 7:00
அது சுந்தர் புது பைக்குக்குப் போட்டது.

சங்கரி, 7:22
சரி, எல்லாருக்கும் ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை தாண்டி, தோட்டத்தோடு ஒரு பழைய வீடு. மொத்தம் 14 பேர். அதில் ஞாபகமறதி உள்ளவர்கள் எட்டுப் பேர், அவர்களுக்குப் பின்கட்டு தனி. தரையில் படி இல்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, ஆனால் இரண்டில் ஒன்று ஆடுகிறது. மூத்திர வாடை இல்லை. பகலில் நாலு பெண்கள், ராத்திரி இரண்டு பேர். மாதம் 28,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், டயப்பரும் மருந்தும் தனி.

கோமதி, 7:23
ராத்திரி 14 பேருக்கு இரண்டு பேரா?

சங்கரி, 7:24
இங்கே ஒருத்திக்கு ஒருத்தி. அந்த ஒருத்தியும் நான்.

நெல்லையப்பன், 7:50
அனைவருக்கும் வணக்கம். உணர்ச்சிவசப்படாமல் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பதிவு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் அந்த இல்லம் பதிவாகியிருக்கிறதா என்று சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்தால் போதாது, தேதி முடிந்திருக்கலாம். இரண்டாவது, மாத்திரை. சில இடங்களில் ராத்திரி தொந்தரவு இருக்கக் கூடாது என்று மனநோய்க்கான மாத்திரையைக் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். மறதி நோயுள்ள வயதானவர்களுக்கு அதனால் உயிருக்கே ஆபத்து கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இலேயே எச்சரித்திருக்கிறது. யார் எழுதிய சீட்டில், எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு என்று கேட்க வேண்டும். மூன்றாவது, திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீரில் கிருமியா என்று பார்ப்பார்களா, அல்லது வியாதி முற்றிவிட்டது என்று விட்டுவிடுவார்களா? நான்காவது, நாளைக்குப் படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா, திருப்பி அனுப்புவார்களா? இதை எழுத்தில் வாங்க வேண்டும். ஐந்தாவது

நெல்லையப்பன், 7:50
ஐந்தாவதை அப்புறம் அனுப்புகிறேன், காய்கறி வண்டி வந்திருக்கிறது.

சுந்தர், 7:55
பெரிய மாமா, வாய்ஸ் நோட் போடுங்கள்.

பகவதி மதினி, 7:56
வேண்டாம். அது இதைவிட நீளம்.

ராஜம் சித்தி, 8:05
வல்லாரைச் சாறு காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தால் ஞாபகம் வரும் என்கிறார்கள்.

சங்கரி, 8:07
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பி12 வைட்டமின், தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு சித்தி. சரிப்படுத்தக்கூடிய காரணம் ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டு மார்க் போட்டார்கள், முப்பதுக்குப் பதினாலு. என்ன வருஷம் என்றதற்கு, "அவங்க படிச்சவங்க, அவங்களுக்கே தெரியலையா" என்றாள்.

கோமதி, 8:08
அதுக்கு ரெண்டு மார்க் கூடப் போட்டிருக்கணும்.

ராஜம் சித்தி, 8:10
அங்கே சாப்பாடு எப்படி? சைவம்தானே?

சங்கரி, 8:12
கேட்டவர்களுக்கு முட்டை அவித்துக் கொடுக்கிறார்கள்.

ராஜம் சித்தி, 8:12
முட்டையா!

ராஜம் சித்தி, 8:13
அதே அடுப்பிலா?

ஆறுமுகம், 8:15
தனி அடுப்பு இல்லையென்றால் யோசிக்க வேண்டியதுதான். அம்மா ஆசாரமாக இருந்தவள்.

பகவதி மதினி, 8:16
உங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போதே ஆம்லெட் மணக்குமே, அப்போதெல்லாம் அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

ஆறுமுகம், 8:16
அது வாடகைக்கு இருப்பவர்கள் மதினி.

கோமதி, 8:17
வாடகை என்றதும் ஞாபகம் வருகிறது. கீழ் வீட்டு வாடகை யாருக்குப் போகிறது?

ஆறுமுகம், 8:19
2023 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அம்மாவை மாடிக்குத் தூக்கிப்போனது யார்? அப்போது தென்காசியில் இருந்து யார் வந்தார்கள்?

கோமதி, 8:20
ரோடே இல்லை, எப்படி வர?

கோமதி, 8:22
சுந்தர், ஆறுமுகத்துக்கு அம்மா எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தில் "ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டியது" என்று இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

சுந்தர், 8:30
அம்மா, இது இங்கே பேச வேண்டாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பராமரிக்கிறேன் என்ற நிபந்தனையில் வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டால், எழுதிக்கொடுத்தவர் தீர்ப்பாயத்தில் கேட்டு அதை ரத்து செய்ய முடியும். ஆனால் ஆச்சி கேட்க மாட்டாங்க. ஆறுமுகம் மாமா அவங்களுக்குச் செல்லப்பிள்ளை.

சுந்தர், 8:31
அதே சட்டத்தில் ஜீவனாம்ச உச்சவரம்பு மாதம் 10,000தான். 28,000க்கு அந்தத் தீர்ப்பாயம் உதவாது. நாம்தான் பங்கு போடணும்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது. (ஆறுமுகம், 8:33)

கோமதி, 8:34
படித்துவிட்டேன்.

நெல்லையப்பன், 9:10
ஐந்தாவது, கேட். கதவைப் பூட்டுவது வேறு, ஆளைப் பூட்டுவது வேறு. நடமாட இடம் இருக்கிறதா?

சங்கரி, 9:31
அண்ணன், இருக்கிறது. பின்பக்கம் வேப்பமரத்தைச் சுற்றி வட்டமாகப் பாதை போட்டிருக்கிறார்கள், நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அம்மா இங்கே ராத்திரி 2 மணிக்கு எழுந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவாங்க என்கிறாள். எந்த வீடு என்றால் கல்லிடைக்குறிச்சி வீடு. தாத்தா போய் நாற்பது வருஷமாச்சு. சாவியை இடுப்பில் முடிந்துகொண்டுதான் படுக்கிறேன். சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சங்கரி, 9:35
அங்கே போனபோது ஒரு பெண் அம்மாவிடம், "ஆச்சி, இந்தத் துண்டையெல்லாம் மடிச்சுத் தாங்க, எனக்குக் கை வலிக்கு" என்றாள். அம்மா முப்பது துண்டு மடித்தாள். மடித்ததை அவள் உள்ளே கொண்டுபோய் உதறி மறுபடி எடுத்துவந்தாள், அதையும் மடித்தாள். பக்கத்துப் பாட்டியிடம், மேகமா இருக்கு, அப்பளத்தை உள்ளே எடு என்றாள். முக்கால் மணி நேரம், வீட்டுக்குப் போகணும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அண்ணன் பட்டியலில் இது எத்தனாவது என்று தெரியவில்லை.

பகவதி மதினி, 9:36
சங்கரி.

ராஜம் சித்தி, 9:40
எங்கள் வீட்டு அப்பளம் மாதிரி இப்போ எங்கே கிடைக்கிறது.

நெல்லையப்பன், 9:52
நீங்கள் போனது காலை 11 மணி, சொல்லிவிட்டுப் போனது. எந்த இடமும் அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருக்கும். சொல்லாமல் சாயங்காலம் 6 மணிக்கு யாராவது போய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் 15 நாள் மட்டும் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அட்வான்ஸ் அப்புறம்.

சங்கரி, 9:53
யார் போவது?

நெல்லையப்பன், 10:15
எனக்கு மூட்டு வலி. இல்லையென்றால் வந்தே பாரத்தில் வந்துவிடுவேன்.

கோமதி, 10:20
எனக்குக் குற்றால சீசன், வீடு நிறைய விருந்தாளி.

ஆறுமுகம், 10:48
சனிக்கிழமை நான் போகிறேன். வாடகையும் இந்த மாதத்திலிருந்து சங்கரி அக்காவுக்கே போடுகிறேன். மீதியைப் பேசிக்கொள்ளலாம்.

பகவதி மதினி, 10:49
நல்லது தம்பி. அப்படியே ரயில்ல வர்ற யாரிடமாவது அல்வா ஒரு கிலோ கொடுத்துவிட முடியுமா?

கோமதி, 10:50
மதினிக்குச் சுகர்.

நெல்லையப்பன், 10:51
அரைக் கிலோ போதும்.

ஆறுமுகம், 11:05
சனிக்கிழமை ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது, மறந்துவிட்டேன். ஞாயிறு பார்க்கிறேன்.

ராஜம் சித்தி, 11:06
தனி அடுப்பு இருக்கிறதா என்று கேள்.

சங்கரி, 11:07
ஞாயிறு 6 மணி. வரும்போது என்னையும் கூட்டிப்போ. கோமதி, அந்த இரண்டு மணி நேரம் அம்மாவிடம் யார் இருப்பது?

(11:40 வரை நீல டிக் ஆறு பேருக்கும் விழுந்திருந்தது.)