பழைய அரசுக் கட்டடங்களில் உங்களை எந்த வாசல் வழியாக விட்டார்கள்?

11 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு சான்றிதழுக்காக, நூறு வருடத்துக்கு முந்தைய அரசுக் கட்டடம் ஒன்றுக்குப் போனேன். முகப்பில் பெரிய தூண்கள், அவற்றுக்கு முன்னால் 14 படிகள். வாசலில் நின்ற காவலர், "நாலு பேரைக் கூப்பிடுறேன்மா, அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த வார்த்தையே பயம். தூக்க வருபவர்கள் கை வைப்பது நாற்காலியின் பக்கவாட்டுக் கைப்பிடியில். அது கழற்றி மாட்டுகிற பாகம். ஒருமுறை மூன்றாம் படியில் அது ஒருவர் கையோடு வந்துவிட்டது, நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். அதிலிருந்து யாரையும் தூக்க விடுவதில்லை.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, சரக்கு இறக்கும் பின்வாசலுக்குப் போகச் சொன்னார்கள். பூட்டியிருந்தது. அழைப்பு மணி என் கைக்கு எட்டாத உயரத்தில். சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வெயிலில் 40 நிமிடம். உள்ளே வேலை முடிய 10 நிமிடம்கூட ஆகவில்லை.

14 படியிலும் சரிவுப்பாதை போடச் சொல்லவில்லை. ஒரு படி 15 செ.மீ. என்றால் மொத்தம் 210 செ.மீ. உயரம். 1:12 கணக்கில், அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் என்றால், 25 மீட்டருக்கு மேல் சரிவு வேண்டும், நடுவே நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேறு. அந்த முகப்பே மறைந்துவிடும். ஆனால் திரும்பும்போது ஒன்று கண்ணில் பட்டது. கிழக்குப் பக்கம் ஒரு வாசல், இரண்டே படி, அதே கூடத்துக்குள்தான் திறக்கிறது. 30 செ.மீ. உயரத்துக்கு 3.6 மீட்டர் சரிவு போதும். கல்லில் ஆணி அடிக்காமல் வைத்து எடுக்கிற உலோகச் சரிவே தாங்கும். இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கு எப்படி இருந்தது? எழுதுங்கள்.

* * *

அக்கா, நான் ஊன்றுகோல் வைத்து நடப்பவன். எனக்கு நீளமான சரிவைவிடப் படிதான் சுலபம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருந்தால். பழைய மாளிகைப் படிகள் அகலமோ அகலம், கைப்பிடி மட்டும் இருக்காது. பல தலைமுறை ஏறி இறங்கிய கல் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். மழை நாளில் ஊன்றுகோலின் ரப்பர் முனை அதில் வழுக்கும். ஒருநாள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினேன். எல்லாரும் பார்த்தார்கள்.

1990 மார்ச் 12 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலின் படிகளில் சுமார் 60 பேர் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டுத் தவழ்ந்து ஏறினார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் ஏறினாள். அந்த ஜூலை 26ஆம் தேதி அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் கையெழுத்தானது. அவர்கள் உலகம் பார்க்கட்டும் என்று ஏறினார்கள். நான் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட ஏறினேன். அது இன்றும் உறுத்துகிறது.

* * *

எனக்குப் பார்வை இல்லை. வாசல் எனக்குச் சிக்கலில்லை, உள்ளேதான். அழகான வளைவு மாடிப்படியின் அடிப்பக்கம் திறந்தே இருந்தது. வெள்ளைக்கோல் தரையில் இருப்பதைத்தான் சொல்லும், தலைக்கு நேரே இறங்கி வரும் கல்லைச் சொல்லாது. நெற்றியில் மூன்று தையல். அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வரிசை வைத்திருந்தால் கோல் தட்டியிருக்கும், நான் விலகியிருப்பேன்.

இன்னொன்று. உதவ வருபவர்கள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை நாங்கள் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருகிறோம். உங்கள் உடல் அசைவே எங்களுக்குப் படியையும் திருப்பத்தையும் சொல்லிவிடும்.

* * *

காதுக்கருவி போட்டிருக்கிறேன். உயரமான கூரையில் எதிரொலி மோதி, கவுன்டரில் சொன்னது ஒன்றும் புரியவில்லை. இதே போன்ற வேறொரு கட்டடத்தில், காது படமும் ‘டி’ எழுத்தும் போட்ட பலகை இருந்தது. கருவியை அந்த நிலைக்கு மாற்றினேன். பேசுபவரின் மைக்கில் விழும் குரல் காந்த அலையாக நேரே கருவிக்கு வந்தது, எதிரொலி கலக்காமல். சுவரை இடிக்க வேண்டியதில்லை, ஒரு கம்பிச் சுற்றுதான்.

* * *

நான் இப்படி ஒரு கட்டடத்தில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். எங்கள் பக்கத் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையில் பழைய கோப்புகளையும் துடைப்பங்களையும் போட்டு வைத்திருந்தோம். ஒரு பெரியவர் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே காலி செய்தோம். பக்கவாட்டு வாசல் சாவியை மேசையிலேயே மாட்டி வைத்தோம். இரண்டுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கா சொல்லும் உலோகச் சரிவுக்குத் தொல்லியல்காரர்களின் ஒப்புதல் தேவைப்படலாம். கேட்கும்போது ‘கழற்றி எடுக்கக்கூடியது’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

* * *

நன்றி தங்கச்சி, அப்படியே எழுதுகிறேன். 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 9ஆம் பிரிவு கட்டடங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, அதையும் சேர்க்கிறேன். வாசலின் அகலத்தை அளக்கவில்லை. திங்கட்கிழமை டேப்போடு போகிறேன்.